அக்கா பெயரில் நான்கு புள்ளி

1

ஊரிலிருந்து யாராவது போன் பேசினால், நலம் விசாரித்து முடித்த கையோடு கேட்பார்கள்: “அங்க இன்னா வேல பண்ற?” கல் வேலை என்பேன். “அங்கயும் சாமி சிலையா?” இல்லை, கல்லறைக் கல்லில் பேர் வெட்டுகிறேன் என்பேன். பிறகு, “சரி, வூட்ல எல்லாரும் நல்லா கீறாங்களா?” என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். அதனால் இருபது வருஷமாக என் தொழிலைப் பற்றி யாரிடமும் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. இந்த மாதம் நடந்த ஒரு காரியத்தால் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றுகிறது.

நான் தேசிங்கு. மாமல்லபுரம் கடலோரக் குப்பத்தில் பிறந்தவன். அப்பா ஏழுமலை கடலுக்குப் போனவர். எனக்குப் படகில் ஏறினாலே வாந்தி. அதனால் ஐந்து ரதத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு சிற்பப் பட்டறையில் சேர்த்துவிட்டார்கள். இரண்டு வருஷம் தேய்ப்பு வேலை, பிறகு எழுத்து வெட்டுவது. வீட்டுப் பெயர், திறப்பு விழாக் கல், கோயிலுக்கு உபயம் செய்தவர் பெயர் எல்லாம் என் கையால்தான். தோட்டத்துக்குக் கல்விளக்கு வாங்க வந்த ஸ்வீடன்காரர் ஒருவர் அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்துவிட்டு, எங்கள் பட்டறைக்கு வருகிறாயா என்று கேட்டார். இன்றுவரை அவர்தான் என் முதலாளி. ஊர் மால்மோ. ஸ்வீடனின் தென்கோடி. இங்கேயும் கடல் உண்டு, கரையில் நின்று வாந்தி இல்லாமல் பார்க்கலாம்.

பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்த ஏஜெண்டு அப்பா பெயரை என் கட்டத்திலும் என் பெயரை அப்பா கட்டத்திலும் போட்டுவிட்டார். ஆகவே இங்கே ஆஸ்பத்திரியிலும் பேங்கிலும் கூப்பிடுவது ‘எலுமலாய்’. கோவளத்தைத் தாண்டாத மனிதர், வெளிநாட்டில் இவ்வளவு பிரபலம்.

2

இந்த ஊரின் பெயரிலேயே ஓர் எழுத்து இருக்கிறது. ஆங்கில ஓ மாதிரி வட்டம், தலையில் இரண்டு புள்ளி: Ö. நமக்குத் தலையில் புள்ளி வைத்தால் மெய்யெழுத்து. இவர்கள் உயிரெழுத்தின் தலையிலேயே புள்ளி வைக்கிறார்கள், அதுவும் ஜோடியாக. வந்த புதிதில் மொழி வகுப்பு டீச்சர் வாயைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். நம் கணக்கில் சொன்னால், நாக்கு ‘ஏ’ சொல்லவேண்டும், உதடு ‘ஓ’வுக்குக் குவியவேண்டும். எனக்கு ஆரம்பத்தில் பயமே இல்லை. பெட்டியைப் பொட்டி என்றும் வீட்டை வூடு என்றும் சொல்லி வளர்ந்தவனுக்கு உதடு குவிப்பது பெரிய வித்தையா? ஆனால் வரவில்லை. ஒன்று ஏ வந்தது, இல்லாவிட்டால் ஓ வந்தது. இரண்டும் ஒன்றாகப் புறப்பட்டு வர மறுத்தன.

வாயில் வராத அந்த எழுத்தைக் கையால் கணக்கில்லாமல் வெட்டியிருக்கிறேன். மால்மோவில் உலகத்து ஜனங்கள் எல்லாம் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் ஒருநாள் எங்கள் பட்டறைக்குத்தான் வந்தாகவேண்டும். அப்படித்தான் எனக்கு அந்த எழுத்தின் குடும்பக் கதை தெரிந்தது. ஸ்வீடன்காரர்களுக்கு அது ஓவுக்கு உறவே இல்லை, அகரவரிசையின் கடைசி எழுத்து. பெயர் அதில் தொடங்கினால் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் எப்போதும் கடைசிப் பிள்ளை. தனியாக நின்றால் தீவு என்று பொருள், நம்முடைய ‘பூ’, ‘தீ’ மாதிரி ஓரெழுத்துச் சொல். ரயிலில் பாலம் தாண்டிப் போனால் டென்மார்க். அங்கே இதே ஓசைக்குப் புள்ளி கிடையாது, வட்டத்தின் குறுக்கே ஒரு சாய்ந்த கோடு. ஜெர்மன்காரர்கள் அதை ஓவின் பிள்ளை மாதிரி நடத்துகிறார்கள். அகராதியில் ஓவின் கூடவே உட்கார வைக்கிறார்கள், புள்ளி போட வசதி இல்லாவிட்டால் பக்கத்தில் ஓர் ஆங்கில ‘e’ எழுத்தைத் துணைக்கு நிறுத்திச் சமாளிக்கிறார்கள். துருக்கியர் வீட்டில் அது ஓவுக்கு அடுத்த வாசலில் தனிக்குடித்தனம். டச்சுக்காரர்களுக்கு அது எழுத்தே இல்லை, ஓர் எச்சரிக்கை. இரண்டு உயிர் அடுத்தடுத்து வந்தால், சேர்த்துப் படிக்காதே, பிரித்துப் படி என்பதற்காகப் புள்ளி.

எனக்கு மிகவும் பிடித்தவர்கள் ஹங்கேரிக்காரர்கள். குறிலுக்கு இரண்டு புள்ளி, நெடிலுக்கு அதே இடத்தில் இரண்டு சாய்கோடு. எங்களிடமும் குறில் நெடில் உண்டு என்று ஒரு ஹங்கேரிப் பெரியவரிடம் ‘கெ’, ‘கே’ எழுதிக் காட்டினேன். தன் அண்ணனுக்குக் கல் சொல்ல வந்தவர், அழுகையை மறந்து அரைமணி நேரம் எழுதிப் பழகினார்.

எங்கள் பக்கத்துப் பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளியே இருக்காது. படிப்பவர்தான் மனசுக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்துக் கல்தச்சர்கள் அப்படித் தப்பித்துக்கொண்டார்கள். நான் தப்பவில்லை.

3

ஹசன் அண்ணன் சந்தைச் சதுக்கத்தின் மூலையில் காய்கறிக் கடை வைத்திருக்கிறார். துருக்கியின் நடுவில் ஏதோ கிராமம். நான் வந்த முதல் குளிர்காலத்தில் அவர் கடை வாசலில் வெண்டைக்காயைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். ஒரு பை நிறைய அள்ளிக் கொடுத்து, உள்ளே கூப்பிட்டு டீயும் கொடுத்தார். என் ஸ்வீடிஷ் ஓட்டை, அவருடையதும் ஓட்டை. அந்த ஓட்டை மொழியில் அவர் பேசினால் என் காதில் எங்கள் குப்பத்துப் பேச்சாகத்தான் விழும். ஆகவே இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவரை இலக்கணத் தமிழில் பேசவிட்டால் அது வேறு ஆளாகிவிடும்.

அவர் மனைவியின் பெயரில் இந்த Ö ஒன்றும், இதே மாதிரி ஜோடிப் புள்ளி வைத்த Ü ஒன்றும் உண்டு. நம் எழுத்தில் போட்டால் ‘டொண்டு’ என்று வருகிறது. அது அவர் பெயர் இல்லை, ஆனால் இதைவிட நெருங்க நம் எழுத்துக்கு வழியில்லை. வரிசையாகப் பெண்ணாகப் பிறந்த வீட்டில், இனியாவது ஆண் பக்கம் திரும்பட்டும் என்று வைக்கிற பெயராம். இதைக் கேட்டதும் என் மனைவி சிரித்த சிரிப்பில் டீ கொட்டிவிட்டது. அவள் பெயர் போதும்பொண்ணு. முட்டுக்காட்டில் அவள் வீட்டுக்கு ஐந்தாவது பெண். போதும் என்று பெயர் வைத்த பிறகும் ஆறாவது ஒன்று பிறந்தது. பொது மொழி ஒரு வார்த்தைகூட இல்லாமல் அந்த இரண்டு பெண்களும் அன்றைக்கே சிநேகமானார்கள்.

எங்கள் மகள் அமுதாவை, போதும்பொண்ணு ஆஸ்பத்திரிச் சமையற்கட்டு வேலைக்குத் திரும்பியதிலிருந்து ஹசன் அண்ணனின் மனைவிதான் வளர்த்தார், எனக்கு அவர் அக்கா. குழந்தை முதன்முதலில் தண்ணீர் கேட்டது துருக்கி மொழியில். என் மனைவி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், அக்கா கொண்டுவந்த பலகாரத்தை மட்டும் மறுக்கவில்லை. இப்போது அமுதாவுக்குப் பதினெட்டு வயசு. வேறு ஊரில் படிக்கிறாள். தமிழில் ஆரம்பித்த வாக்கியம் ஸ்வீடிஷில்தான் கரை சேரும். ‘அப்பா, கொழுந்தன் என்றால் யார்?’ என்று எப்போதாவது மெசேஜ் வரும். பதில் எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்று வரும், அவ்வளவுதான். நம்மூர் விஷயம் எதுவும் அவளிடம் தங்கவில்லை என்று நான் தீர்மானமே செய்துவிட்டிருந்தேன்.

இருபது வருஷமும் நான் அக்காவை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைப்பது நமக்கு வழக்கமில்லை. அது ஒரு காரணம். அந்தப் பெயர் என் வாயில் வராது என்பது இன்னொரு காரணம். இரண்டாவதை யாரிடமும் சொன்னதில்லை.

போன வருஷம் அக்கா போய்விட்டார். வருஷம் திரும்புகிற சனிக்கிழமையன்று ஜெர்மனியிலிருந்தும் துருக்கியிலிருந்தும் அவருடைய கூடப்பிறந்தவர்கள் வருவதாக ஏற்பாடு. அதற்குள் கல் வைத்தாக வேண்டும். ஹசன் அண்ணன் பட்டறைக்கு வந்து, “மெஷின்ல வாணாம். நீ கையால வெட்டு” என்றார். வேறெதுவும் பேசவில்லை, விலைகூடக் கேட்காமல் போய்விட்டார்.

4

நான் வேலை பழகிய பட்டறையில், கோயிலுக்குப் போகிற சிலை என்றால் கண் கடைசி. கிரீடம், ஆபரணம், விரல் நகம்வரை எல்லாம் முடிந்திருக்கும், கண் மட்டும் திறக்காமல் இருக்கும். ஸ்தபதி நல்ல நேரம் பார்த்து, குளித்துவிட்டு, வெறும் வயிற்றோடு வந்து அதைத் திறப்பார். எதிரில் யாரும் நிற்கக்கூடாது. சாமி முதலில் கண்ணாடியைப் பார்த்த பிறகுதான் எங்களை உள்ளே விடுவார்கள். அதுவரை நாங்கள் ரோட்டில் நின்று டூரிஸ்ட் பஸ்ஸை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்போம். நான் கண் திறக்கிற இடத்துக்கு வந்ததே இல்லை. எழுத்து வெட்டுகிறவனாகவே விமானம் ஏறிவிட்டேன்.

இங்கே முதல்முதலாக Ö வெட்டிய அன்று, கல்லிலிருந்து யாரோ என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. அன்றிலிருந்து ஒரு பழக்கம். பெயரை வெட்டுவேன், தேதியை வெட்டுவேன், புள்ளிகளை மட்டும் விட்டுவைப்பேன். கடைசி நாள் காலை குளித்து, காபிகூடக் குடிக்காமல், மற்றவர்கள் வருவதற்கு முன்னால் பட்டறைக்குப் போய்ப் புள்ளிகளை வெட்டுவேன். முடிந்ததும் கல்லின் முதுகில் சாக்பீஸால் ஒரு டிக். டிக் இல்லாத கல் வெளியே போகக்கூடாது. முதலாளி முதல் வருஷம் முறைத்தார், இரண்டாம் வருஷத்திலிருந்து சாக்பீஸ் அவரே வாங்கி வைத்தார்.

அக்கா பெயருக்கு நான்கு புள்ளி. வியாழக்கிழமையே வெட்டியிருக்கலாம், எல்லாம் தயாராகத்தான் இருந்தது. மனசு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை அவர்களுக்கும் நல்ல நாள், நமக்கும் நல்ல நாள். ராகு காலத்துக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். வியாழன் அரைநாள் லீவு போட்டு வரி அலுவலகம் போனேன். இந்த நாட்டில் பிறப்பு, இறப்பு, பெயர், விலாசம் எல்லாம் வரி அலுவலகத்தில்தான். இருபது வருஷம் கழித்து என் பெயரை என் கட்டத்துக்குக் கொண்டுவரும் வேலை. கவுண்டரில் இருந்த பெண் காகிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, “அப்படியானால் இவ்வளவு நாள் நாங்கள் கூப்பிட்டது உங்கள் அப்பாவையா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “அவர் ஆட்சேபிக்கவில்லையா?” என்றாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

நான் அங்கே சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் பட்டறையில் முதலாளி இல்லை, முதுகுவலி என்று வீட்டில் இருந்தார். வெள்ளிக்கிழமை மழை வரும் என்று கேள்விப்பட்டு கிரேன் வண்டிக்காரர்கள் ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டார்கள். அங்கே இருந்தவர் வேலைக்குப் புதுசு. சாக்பீஸ் டிக்கைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. கல்லறையில் கல்லை நட்டுவிட்டார்கள். ஹசன் அண்ணன் அதைப் போய்ப் பார்த்தும்விட்டார்.

5

ஹசன் அண்ணனின் போன் வந்தபோது நான் பஸ்ஸில் இருந்தேன். வழக்கமாகத் தம்பி என்று ஆரம்பிப்பார். அன்றைக்கு எதுவும் இல்லை.

“கல்லப் பாத்தேன். புள்ளி இல்ல. அது என் பொண்டாட்டி பேரு இல்ல.”

“அண்ணே, அது இன்னா ஆச்சின்னா…”

“இருவது வருசம் என் வூட்ல சோறு துன்ன. ஒரு நாளாவது அவ பேர உன் வாயால சொல்லிக் கீறியா? நானும் யோசிச்சிப் பாத்தேன், ஒரு நாள் கூட இல்ல. உனுக்கு அவ பேரே தெரியாது. போர்வ போட்டு மூடிட்டு வந்துட்டேன். நாளான்னிக்கு எல்லாரும் வராங்க. நீ வராத.”

போனை வைத்துவிட்டார். நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய் இறங்கினேன்.

கல்லைச் சரிசெய்வது பெரிய விஷயமில்லை. ஹசன் அண்ணனை இழந்துவிடுவேன் என்பதுதான் பயம். உளி முனை உடைந்துவிட்டது என்று ஒரு பொய் சொன்னால் போதும், மன்னித்துவிடுவார். உண்மையைச் சொன்னால்? ஐந்து வேளை தொழுகிற மனிதர். அவர் மனைவியின் கல்லில் நான் சாமி சிலைக்குச் செய்கிற முறையைச் செய்தேன் என்று எப்படிச் சொல்வது?

செங்கல்பட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ரஃபியைக் கூப்பிட்டேன். என் முதல் உளியே அவன் கடையில் வாங்கியதுதான். இப்போது பள்ளிவாசல் கமிட்டியிலும் இருக்கிறான். முழுக்கக் கேட்டுவிட்டு, “இன்னா மச்சான், நல்லா இருந்த எடத்துல பேஜாரு பண்ணி வெச்சிக்கீற” என்றான்.

“உளி ஒடஞ்சிதுன்னு சொல்லிடவா?”

“மவுத்தானவங்க விசயத்துல பொய் சொல்லாத.”

“சாமி கண்ணு மாதிரின்னு சொன்னா கோச்சிக்கினு பூடுவாரு, ரஃபி.”

“அந்தம்மாவ நீ சாமின்னா நெனச்ச?”

“இல்லடா. அக்கான்னுதான்.”

“அப்ப அதயே சொல்லு. எங்கள்ல சிலைக்குதான் எடம் இல்ல, மரியாதைக்கு எடம் கீது. நீ சாமில ஆரம்பிக்காத. அக்கால ஆரம்பி. வெச்சிடறேன், கடையில ஆள் நின்னுகினு கீது.”

6

வருஷ நாளுக்காக அமுதா அன்று சாயந்திரமே வந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவளே ஹசன் அண்ணனுக்குப் போன் போட்டுத் துருக்கியில் பேசினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. “நாளைக்கு எட்டு மணிக்கு அங்க இருப்பாராம். பேசறதுக்கு ஒத்துக்கல, கேக்கறதுக்கு ஒத்துக்கிட்டார்” என்றாள். போதும்பொண்ணு வழக்கமாக எனக்குப் புத்தி சொல்கிறவள், அன்று என் வேலைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை தூறல். குளித்துவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், பையில் உளியும் சுத்தியும் போட்டுக்கொண்டு அமுதாவோடு போனேன். ஹசன் அண்ணன் முன்னாலேயே வந்திருந்தார். கல்லை மூடியிருந்தது அக்கா வீட்டுப் பூப்போட்ட போர்வை. அமுதா துருக்கி வழக்கப்படி அவர் கையை முத்தமிட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். அவர் அவள் தலையைத் தடவினார். என் பக்கம் பார்க்கவில்லை.

நான் அக்காவில் ஆரம்பித்தேன். அக்கா எனக்கு யார் என்று சொன்னேன். ஊரில் எங்கள் தொழிலில் முக்கியமானதைக் கடைசிக்கு வைப்போம், குளித்து, சாப்பிடாமல், தனியாக இருந்து செய்வோம் என்றேன். அக்கா பெயருக்கும் அப்படித்தான் செய்யவேண்டும் என்று ஒரு நாள் தள்ளிப்போட்டேன், அதற்குள் கல் வந்துவிட்டது, தப்பு என்னுடையது என்றேன். என் ஓட்டை ஸ்வீடிஷில் இவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை.

“உங்க ஊர்ல எத்த இப்டி பண்ணுவீங்க?” என்றார், போர்வையைப் பார்த்தபடியே.

கேட்டேவிட்டார். “சாமி சிலைக்கு கண்ணு தொறக்கறத” என்றேன்.

அவர் முகம் இறுகியது. அப்போது அமுதா துருக்கியில் பேச ஆரம்பித்தாள். நடுவில் ‘மாமல்லபுரம்’ என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. கையால் ரோட்டைக் காட்டினாள், கண்ணைக் கசக்கிக் காட்டினாள். ஹசன் அண்ணன் குறுக்கே ஏதோ கேட்டார், அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன். “எட்டு வயசுல ஊருக்குப் போனப்ப, அந்தப் பட்டறையில சாமிக்குக் கண்ணு தொறக்கறாங்கன்னு என்னையும் வெளிய அனுப்பினாங்களே. எனக்குப் பாக்கணும்னு இருந்திச்சு, அழுதேன். அப்பாவும் எங்கூட வெளியதான் நின்னாரு, அவருக்கும் பாக்க அனுமதி இல்லன்னு சொன்னேன்” என்றாள். அவளுக்கு அது நினைவிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. நான் வெளியே நின்றதைக்கூடக் கவனித்திருக்கிறாள்.

ஹசன் அண்ணன் போர்வையை எடுத்து, தண்ணீரை உதறி, நாலாக மடித்து அமுதாவிடம் கொடுத்தார். பிறகு நாலு அடி தள்ளிப் போய், கல்லுக்கு முதுகைக் காட்டி நின்றார். “நீயும் திரும்பிக்கோ, கண்ணு” என்று அவளிடம் சொன்னார்.

நான் மண்டிபோட்டு உட்கார்ந்தேன். முதல் புள்ளிக்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டேன். இரண்டாவது முடியும்போது தூறல் மழையாகிவிட்டது, தூசி சேறாகி எழுத்தில் வழிந்தது. சட்டைக் கையால் துடைத்துத் துடைத்து வெட்டினேன். அவர்கள் இரண்டு பேரும் நனைந்துகொண்டே நின்றார்கள், ஒருவரும் திரும்பவில்லை. நான்காவது புள்ளியை முடித்து, ஊதி, விரலை வைத்து ஆழம் பார்த்தேன். நான்கும் ஒரே அளவு.

“முடிஞ்சிது, அண்ணே.”

அவர் திரும்பவில்லை.

“படி” என்றார். “இன்னா எழுதிக் கீதுன்னு நீ உன் வாயால படி. அப்பறம் திரும்பறேன்.”

அமுதா தோள்மேல் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் கல்லைப் பார்த்தேன். இருபது வருஷம் மரியாதை என்று சொல்லி ஒளித்துவைத்திருந்த பெயர். தொண்டையைச் செருமிக்கொண்டு, மெதுவாக, எழுத்து எழுத்தாக, அக்காவின் பெயரைச் சொன்னேன். சரியாகச் சொன்னேனா என்று எனக்குத் தெரியாது.

ஹசன் அண்ணனின் தோள் மட்டும் ஒருமுறை ஏறி இறங்கியது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் திரும்பாமலே சொன்னார்: “தம்பி, இன்னொரு தபா சொல்லு.”